நான்காம் தகடு

ஃபூருசெத், ஒஸ்லோ
11 ஜனவரி 2026

திருமதி ஹரிப்ரியா அவர்களுக்கு,

இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்று இன்று காலை முடிவு செய்தேன்.

நீங்கள் ஸ்தவாங்கரில் கணவரோடு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். விலாசம் எப்படிக் கிடைத்தது என்று யோசிக்க வேண்டாம். இந்த நாட்டில் யாருடைய விலாசத்தையும் இணையத்தில் எடுக்கலாம், ஒளிந்திருப்பதுதான் கடினம். தாளில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் மருத்துவ விடுப்பில் போன கையோடு அருங்காட்சியகம் என் மின்னஞ்சலைப் பூட்டிவிட்டது. கைபேசியில் எழுதினால் நீங்கள் ஒரு விரலால் அதை இயக்குநருக்குத் தள்ளிவிடலாம். தாளை அப்படித் தள்ள முடியாது.

கண்காட்சி திறந்த அன்று நான் வரவில்லை. புஷ்பமலர் போனாள். ஸ்ட்ரோம்மன் கடையில் அரைநாள் லீவு எடுத்து, சேலை உடுத்து, அதற்கு மேல் குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள். புருஷனின் பெயரைச் சுவரில் பார்க்கப்போகும் எண்ணம். வாசலில் இருந்த நன்றிப் பலகையைப் படம் எடுத்து வந்தாள். சப்பாத்தைக் கழற்றும்போதே கேட்டாள்.

“இஞ்சை பாருங்கோ, உங்கட அப்பா எப்ப ஒஸ்லோவுக்கு வந்தவர்?”

பலகையில் ‘நல்லசிவம்’ என்று இருக்கிறது. முன்னும் ஒன்றும் இல்லை, பின்னும் ஒன்றும் இல்லை.

நோர்வேக்காரருக்கு இதை விளங்கப்படுத்த முயன்று களைத்துப்போனவன் நான். எங்களுக்குப் பெயர் ஒன்றுதான், தகப்பன் பெயர் முன்னால் ஒரு எழுத்தாக நிற்கும் என்று எத்தனை கவுண்டரில் சொல்லியிருப்பேன். அவர்களுக்குக் கடைசிப் பெயர் வேண்டும். எனவே வைத்தியசாலையில் ‘நல்லசிவம்’ என்று கூப்பிட்டால் நான் எழும்பிப் போகிறேன். பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டிய காலத்தில் மேலங்கியில் அதைத்தான் தைத்துக் கொடுத்தார்கள். பழகிவிட்டது. ஆனால் நீங்கள் மதுரைக்காரி. உங்கள் வீட்டிலும் இதே வழக்கம். உங்களுக்குமா தெரியாது?

என் தகப்பனார் உப தபால் அதிபராக இருந்தவர். நான் சரித்திரம் படிக்கப்போகிறேன் என்றபோது, “செத்துப்போன ராசாக்களின்ரை சாதகம் உனக்கு என்னத்துக்கடா?” என்று கேட்டு, அதன் பிறகு ஒரு வருடம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்காதவர். நான் ஒஸ்லோப் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்த வருடம் அவர் செத்துப்போனார். இன்று நான் செய்த ஒரேயொரு சரித்திர வேலைக்கு அவருக்கு நன்றி சொல்லியிருக்கிறீர்கள்.

அந்த வேலையில் எது யாருடையது என்பதையும் நினைவூட்டிவிடுகிறேன். கெய்ரோக் கோட்டை மதிலில் நின்று, யாரென்று தெரியாத ஒருவர் எப்போதோ எடுத்த ஆறு கண்ணாடிப் புகைப்படத் தகடுகள். ஒரு கப்பல்காரக் குடும்பம் அன்பளிப்பாகக் கொடுத்து, பெட்டியோடு களஞ்சியத்தில் கிடந்தவை. பெட்டியைத் திறந்து அது என்ன ஊர் என்று சொன்னவன் நான். நீங்கள் அப்போது சென்னையில் விசாவுக்குக் காத்திருந்தீர்கள். சுல்தான் ஹசன் பள்ளிவாசலுக்கு எதிரே பாதி எழுந்த சுவர்களைக் காட்டி, அது ரிஃபாய் பள்ளிவாசல், 1869இல் தொடங்கி இடையில் நின்று 1912இல்தான் முடிந்தது, ஆகவே படம் அந்த இடைவெளிக்குள் என்று சொன்னவனும் நான்.

வானொலியில் நீங்கள் என்னைத் ‘தொழில்நுட்ப உதவியாளர்’ என்றீர்கள்.

நான்காம் தகட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

ந. இரவீந்திரன்

*

ஸ்தவாங்கர்
19 ஜனவரி 2026

மதிப்பிற்குரிய இரவீந்திரன் சார்,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். குழந்தை தோளில் இருந்தாள், உட்கார்ந்தால் அழுவாள். கையால் எழுதி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

பலகை விஷயம் என் தவறு. அலுவலகத்திலிருந்து வந்த பணியாளர் பட்டியலைப் பார்த்து அப்படியே அனுப்பினேன். அதில் எல்லோருக்கும் கடைசிப் பெயர் மட்டும்தான் இருந்தது. பிரசவத்துக்கு இரண்டு வாரம் இருந்த நேரம். அது காரணம் ஆகாது என்று தெரியும், ஆனாலும் சொல்கிறேன். இங்கே கிளினிக்கில் என்னையும் ‘இளமாறன்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதல் தடவை, அப்பா மதுரையிலிருந்து வந்துவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தேன். நாலாவது தடவை திரும்பிப் பார்க்கவில்லை. அப்படித்தான் மரத்துப் போகிறது போல.

ஆனால் ஒன்று. பலகையில் பெயரை எப்படிப் போட வேண்டும் என்று உங்களுக்கு மூன்று முறை செய்தி அனுப்பினேன். பார்த்தீர்கள், நீல டிக் வந்தது. பதில் வரவில்லை. களஞ்சியத்தில் தனுஷனிடம் கேட்டேன். “அண்ணை கோவமாக் கிடக்கிறார் அக்கா, கொஞ்ச நாள் விட்டுப் பிடியுங்கோ” என்றான். விட்டேன். பிடிக்கத்தான் நேரம் கிடைக்கவில்லை.

வானொலியில் நான் அப்படிச் சொல்லவில்லை. ‘கூட வேலை செய்தவர்’ என்றேன். நிருபர் மாற்றிக்கொண்டார். திருத்தச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இப்போது நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். நான்காம் தகட்டில் என்ன?

என் நிலைமை உங்களுக்குத் தெரியும். பிப்ரவரி 27 அன்று எனக்கு முனைவர் பட்டத்துக்கான வாதம். எதிர்த்து வாதிட வருகிறவர் கெய்ரோப் பேராசிரியர். என் ஆய்வின் நடுப்பகுதி முழுக்க அந்தத் தகடுதான். சுல்தான் ஹசனுக்கு இடப்புறம் தெரியும் அந்தக் குடியிருப்பு எந்த வரைபடத்திலும் இல்லை. ஆகவே அது 1870களில் முகம்மது அலி வீதியை வெட்டியபோது இடித்துத் தள்ளப்பட்ட பேட்டை என்பதுதான் என் முடிவு. கண்காட்சிக்கே ‘இல்லாமற்போன பேட்டை’ என்றுதானே பெயர். பட்டம் கிடைத்தால் அருங்காட்சியகத்தில் இரண்டு வருட வேலை. வேலை இருந்தால்தான் எங்களுக்கு இங்கே இருக்க அனுமதி. பிரதீப்பின் கம்பெனியில் கோடையோடு ஆள் குறைக்கிறார்கள், அவர் பெயரும் பட்டியலில் இருக்கிறது.

தயவுசெய்து சொல்லுங்கள். ஃபோனில் வேண்டாம் என்றால் எழுதுங்கள்.

ஹரிப்ரியா

*

ஃபூருசெத், ஒஸ்லோ
30 ஜனவரி 2026

திருமதி ஹரிப்ரியா அவர்களுக்கு,

மூன்று முறை கேட்டீர்கள் என்பது உண்மை. நான் பதில் எழுதாததும் உண்மை. ஒரு மனிதனோடு இரண்டு வருடம் ஒரே மேசையில் வேலை செய்துவிட்டு, அவன் பெயர் என்ன என்று செய்தியில் கேட்டால் அவன் என்ன பதில் எழுதுவான்?

முதல் நாளே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். நீங்கள் வந்து கைகொடுத்து, “அங்கிள், உங்க தமிழ் அப்படியே பாட்டு மாதிரி இருக்கு” என்றீர்கள். உங்கள் ஊரிலிருந்து வருகிற எல்லோரும் எங்களுக்குச் சொல்வது அது. அதற்குப் பிறகு நான் என்ன சொன்னாலும் உங்களுக்குப் பாட்டுத்தான் கேட்டது, சொன்ன விஷயம் கேட்கவில்லை. அங்கிள் வேண்டாம் என்றேன். சார் ஆனேன். அது ஒரு படி மேல் என்று நினைத்தீர்கள். களஞ்சியத்துக்கு வரும் நோர்வேக்காரர் எல்லோரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், தகப்பன் பெயரைத்தான் என்றாலும்.

என் நிலைமையும் கேளுங்கள். தோள் இன்னும் உயராது. மீன் வெட்டிய வருடங்கள் இப்போது வட்டியோடு வருகின்றன. வெளியே நிலம் முழுக்கக் கண்ணாடிப் பனி. போன மாதம் கீழ்வீட்டு அனஸ்ரேசியா குப்பை போடப் போய் இடுப்பை உடைத்துக்கொண்டார். நான் வீட்டைவிட்டு இறங்குவதில்லை. புஷ்பமலர் காலையில் வேலைக்குப் போனால் மாலையில்தான் வருவாள். நடுவில் நானும் கெய்ரோவும்.

ஆம், கெய்ரோ இங்கேதான் இருக்கிறது. அச்சகத்தில் கண்காட்சிக்காக முதல் அடித்த சோதனைச் சுருள், ஓரத்தில் நிறம் ஒழுகியது என்று எறிய வைத்திருந்தார்கள். நான் கேட்டு வாங்கி வந்தேன். எங்கள் இருப்பறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை ஒட்டியிருக்கிறேன். ஜன்னலை மறைத்துக்கொண்டு இரண்டு சாண் போகிறது. புஷ்பமலருக்கு அதில் சம்மதம் இல்லை. “இருக்கிற வெளிச்சத்தையும் மறைச்சுப்போட்டு எங்கையோ ஒரு ஊரைப் பாத்துக்கொண்டிருக்கிறியள். வெளியால போய் இந்த ஊரைப் பாருங்கோவன்” என்கிறாள்.

அவளுக்குச் சொன்னால் விளங்காது. அந்தப் படத்தில் வானம் பாதி. மிச்சப் பாதி கூரைகள், மினாரங்கள், இடிந்த சுவர், கூரையில் காயும் துணி, கடைசியில் ஒரு கீற்றாக நதி. ஒரு மனிதன் இல்லை. அந்தக் காலத்துத் தகட்டுக்கு வெளிச்சம் நின்று விழ வேண்டும், நடந்தவர் எவரும் பதியவில்லை. அவ்வளவு பெரிய நகரம், அதற்குள் இறங்க ஒரு வழி இல்லை. எடுத்தவர் மதிலில் நின்றார், நான் சாய்மனைக் கதிரையில் இருக்கிறேன். இரண்டு பேருக்கும் ஒரே காட்சிதான்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இது. உங்களிடம் கோப்பு இருக்கிறது, பெரிய திரை இருக்கிறது, பார்க்கப் படித்த கண்ணும் இருக்கிறது. பாருங்கள். நான் நவம்பரில் பார்த்தேன், என் கண்ணுக்கு ஒரு காலை போதுமாக இருந்தது. முதல் வாரம் நீங்கள் என்னிடம் ஒன்று கேட்டீர்களே, கூரைகளின் மேல் சாய்ந்து நிற்கும் பலகைப் பெட்டிகள் என்ன என்று, புறாக்கூடா என்று. நான் சொன்ன பதிலை நினைவில் வைத்திருந்தால் இன்று இந்தக் கடிதம் உங்களுக்குத் தேவைப்படாது.

பாட்டாகக் கேட்டிருப்பீர்கள்.

ந. இரவீந்திரன்

*

ஸ்தவாங்கர்
8 பிப்ரவரி 2026

இரவீந்திரன் அவர்களுக்கு,

சார் போடவில்லை. உங்களுக்குப் பிடிக்காது என்று இப்போதாவது சொன்னீர்களே.

ஐந்து நாளாக அந்தக் கோப்பைப் பார்க்கிறேன். பிரதீப் நடுக்கடலில் இருக்கும் எண்ணெய் மேடைக்கு வேலைக்குப் போய்விட்டார், இரண்டு வாரம் கழித்துத்தான் வருவார். இங்கே புயல். காற்று ஜன்னலை அறைகிறது, எதிரே கடல் இருக்கிறது என்கிறார்கள், நான் பார்த்ததில்லை. மாமியார் ஊரிலிருந்து வந்திருக்கிறார். “எப்பப் பாத்தாலும் அந்தக் கட்டடத்தையே பாத்துட்டு இருக்கியேம்மா, அதுல என்னதான் இருக்கு?” என்கிறார். “தெரியல அத்தை, அதைத்தான் தேடறேன்” என்றேன். குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். வெள்ளிக்கிழமை ஒஸ்லோவுக்கு வந்து தகட்டையே கையில் எடுத்துப் பார்க்கலாம் என்று டிக்கெட் போட்டேன். விமானம் ரத்து. அடுத்த நாளும் ரத்து.

அந்தப் பெட்டிகள் காற்றுக்காக என்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. மேல்காற்றை வாங்கி வீட்டுக்குள் இறக்கும் கூண்டுகள். நான்காம் தகட்டிலும் அவை இருக்கின்றன. நன்றாகத் தெளிவாகவே இருக்கின்றன. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண் எரிகிறது. தெரிந்த முகத்தை ரொம்ப நேரம் பார்த்தால் அது யாரோ ஆகிவிடும் இல்லையா, அந்த நகரம் எனக்கு அப்படி ஆகிவிட்டது.

இனிமேல் கெஞ்சமாட்டேன். ஒரு விஷயத்தை மட்டும் தெரிவிக்கிறேன்.

நீங்கள் நன்றிப் பலகையைத்தான் பார்த்தீர்கள், அதுவும் ஃபோட்டோவில். என் ஆய்வேட்டை நீங்கள் பார்க்கவில்லை. அதை அக்டோபரிலேயே கொடுத்துவிட்டேன், கண்காட்சிக்கு முன்னால், உங்கள் கோபத்துக்கு முன்னால். நான்காம் அத்தியாயத்தின் முதல் பக்கத்தின் நகல் இதோடு இருக்கிறது. அடிக்குறிப்பைப் பாருங்கள். ‘படம் 1869க்கும் வீதி வெட்டப்பட்ட காலத்துக்கும் இடைப்பட்ட நான்கைந்து வருடத்துக்குள் எடுக்கப்பட்டது என்ற காலக்கணிப்பு முழுவதும் ந. இரவீந்திரனுடையது.’ பெயர் சரியாக இருக்கிறதா? நீங்கள் கையெழுத்துப் போடுவது போலவே எழுதினேன். அந்த அத்தியாயம் முழுக்க அந்தப் பெயர் வருகிறது. என் பெயரைவிட அதிகமாக வருகிறது.

அச்சாகி, நூலகத்துக்குப் போய்விட்டது. கெய்ரோப் பேராசிரியர் கையிலும் இருக்கிறது.

ஆக, நான்காம் தகட்டில் தப்பு இருந்தால், அன்றைக்கு அந்த மண்டபத்தில் நான் மட்டும் விழமாட்டேன். என்னை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டியிருக்கிறீர்கள். நீங்களும் அதே அறைக்குள்தான் இருக்கிறீர்கள். இதை மிரட்டலாகச் சொல்லவில்லை. எனக்கு மிரட்டத் தெரியாது. அந்தப் பெயரை எழுதியபோது எனக்கு இருந்த சந்தோஷம் உண்மையானது, அது இப்படி ஒரு காகிதமாக உங்கள் கைக்கு வர வேண்டியிருக்கிறதே என்று கஷ்டமாக இருக்கிறது.

இனி எழுதமாட்டேன்.

ஹரிப்ரியா

*

ஃபூருசெத், ஒஸ்லோ
16 பிப்ரவரி 2026

ஹரிப்ரியா,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நகலைப் படித்துவிட்டு மேசையில் வைத்தேன். வேலையால் வந்த புஷ்பமலர் எடுத்துப் பார்த்தாள். அவளுக்கு ஆய்வு மொழி விளங்காது, பெயர் விளங்கியது.

“உங்கட பேர் வடிவாத்தானே கிடக்கு. பிறகென்ன இந்த மூன்று மாசக் கூத்து?”

“பிழையான இடத்தில கிடக்கு.”

“உங்களுக்கு ஒருக்காலும் சரியான இடமே வராது” என்றாள். சோற்றுக்கு உலை வைக்கப் போய்விட்டாள்.

இனிச் சொல்கிறேன்.

கெய்ரோவில் காற்று வடக்கிலிருந்து வரும். அந்தக் காற்றை வாங்கத்தான் கூண்டு, எனவே கூண்டின் வாய் வடக்கைப் பார்த்திருக்கும். ஒரு வீட்டுக்காரன் வேறு பக்கம் திருப்பிக் கட்ட மாட்டான், கட்டினால் அவனுக்குப் புழுதிதான் கிடைக்கும். எடுத்தவர் கோட்டையிலிருந்து மேற்கே பார்த்து நின்றார். வடக்கு அவருக்கு வலக்கைப் பக்கம். ஐந்து தகடுகளிலும் எல்லாக் கூண்டுகளும் வலப்பக்கம் வாய் திறந்திருக்கின்றன. நான்காவதில் எல்லாம் இடப்பக்கம்.

ஒரு பேட்டை முழுக்கக் காற்றுக்கு முதுகு காட்டாது. தகடுதான் இடம் வலமாகத் திரும்பியிருக்கிறது.

நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். கண்ணாடித் தகட்டுக்கு இரண்டு பக்கம், ஒன்று பளபளப்பு, மற்றது மருந்து பூசியது. ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தால் தகடு கீறும் என்று, எண் எழுதி ஒட்டிய தாள் மேலே தெரியும்படி வைத்து ஸ்கான் செய்வது என்று நாம் முறை வைத்தோம். ஐந்திலும் தாள் பளபளப்புப் பக்கத்தில் இருந்தது. நான்காவதின் பழைய தாள் விழுந்து, யாரோ பிற்காலத்தில் புதுத்தாளை மருந்துப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். தாளின் நிறம் வேறு, அதை நானே கவனித்து ஒன்றும் நினைக்காமல் விட்டேன். அந்தத் தகட்டை நீங்கள் ஸ்கான் செய்த வாரம் நான் தோளோடு வீட்டில் கிடந்தேன். இரு ஓரங்களும் உதிர்ந்த தகடு அது, பக்கத்துத் தகடுகளோடு பொருத்திப் பார்க்க வழியில்லை. நீங்கள் அடிவானத்தை வைத்து இணைத்தீர்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

நவம்பரில் ஒரு காலை இதைக் கண்டேன். புஷ்பமலரின் கைக்கண்ணாடியை எடுத்து வந்து, சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, நான்காம் தகட்டைக் கண்ணாடிக்குள் பார்த்தேன். பழைய வரைபடத்தை மடியில் விரித்து வைத்தேன். சந்து சந்தாகப் பொருந்தியது. சலீபா தெருவுக்குப் பக்கத்துக் குடியிருப்பு. யாரும் இடிக்கவில்லை. எந்த வரைபடத்திலும் இல்லை என்று நீங்கள் துக்கம் கொண்டாடிய பேட்டை எல்லா வரைபடத்திலும் இருக்கிறது.

அப்போது எனக்கு என்ன வந்தது என்று கேட்டால், மகிழ்ச்சி. வேறு சொல் போட்டால் பொய். உங்கள் தலைக்கு மேல் ஒரு கல் நிற்கிறது, அது எனக்கு மட்டும் தெரியும். காலையில் எழும்பிக் கோப்பியோடு அதன் கீழ் போய் உட்காருவேன். இந்தக் குளிர்காலத்தில் என்னைக் கதிரையைவிட்டு எழும்பவிடாமல் வைத்திருந்தது தோள்தான் என்று புஷ்பமலருக்குச் சொன்னேன். அவள் நம்பவில்லை.

உங்கள் பேட்டையோடு, அடிக்குறிப்பில் என் பெயரில் நிற்கும் காலக்கணிப்பும் போகிறது. வீதி வெட்டுவதற்கு முந்திய படம் என்பதற்கு அந்தப் பேட்டையைத் தவிர நமக்கு வேறு சாட்சி இல்லை. வீதி தெரிய வேண்டிய இடத்தில், இரண்டு பள்ளிவாசலுக்கும் நடுவே, மூன்றாம் தகடு வெடித்து மருந்து உதிர்ந்து கிடக்கிறது. எனவே 1869க்கும் 1912க்கும் இடையில் என்றோ ஒரு நாள். பெட்டியைத் திறந்த அன்று எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இன்றும் அவ்வளவுதான். நகலைப் படித்த பிறகுதான் என் பெயர் எதன் மேல் நிற்கிறது என்று கண்டேன்.

செய்ய வேண்டியது சிக்கல் இல்லை. தனுஷனுக்கு ஃபோன் எடுங்கள். நான்காம் தகட்டைத் தாள் மேலே தெரிய வைத்து, வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். மங்கலாக இருந்தால் அது மருந்துப் பக்கம். பிறகு வாதத்துக்கு முன்னரே பல்கலைக்கழகப் பீடத்துக்குத் திருத்தப் பட்டியல் ஒன்றை அனுப்புங்கள், அதற்கு இங்கே வழி இருக்கிறது. தகடு திரும்பியது என்று எழுதுங்கள், கூண்டுகளைக் காட்டுங்கள். அத்தியாயத்தின் முடிவைத் திரும்பப் பெறுங்கள், காலக்கணிப்பையும். கெய்ரோக்காரர் மண்டபத்தில் இதை எழுப்புவதற்கு நீங்கள் காத்திருந்தால் முடிந்தது. நீங்களே எழுந்து சொன்னால், தன் படத்தைத் தானே பார்க்கத் தெரிந்தவள் என்று இருக்கும். பட்டம் தருவார்களா என்று எனக்குத் தெரியாது. தரக்கூடும்.

இதை வைத்து நாம் சமாதானம் ஆகிவிட்டோம் என்று எண்ண வேண்டாம். வானொலியில் திருத்தச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை என்று எழுதினீர்கள். அதை நான் மறக்கமாட்டேன். பலகை வசந்தம்வரை அங்கேதான் நிற்கும், அதையும்.

திருத்தப் பட்டியலில் என் பெயர் வர வேண்டாம். பெயர் வந்தால் எப்போது கண்டார் என்று கேட்பார்கள். நவம்பர் என்று சொல்ல நேரும். பிறகு அந்த மண்டபத்தில் தகட்டை விட்டுவிட்டு நம் இரண்டு பேருடைய சண்டையைத்தான் கதைப்பார்கள். பெயரில்லாத காகிதத்துக்கு அடிக்குறிப்புப் போட முடியாது. யாரோ எழுதியிருந்தார், நானே போய்ச் சரிபார்த்தேன் என்று சொல்லுங்கள். அது பொய் ஆகாது, நீங்கள் சரிபார்த்தால்.

என் தகப்பனாரின் தபால் கந்தோருக்கு மொட்டைக்கடிதம் வருவதுண்டு. பக்கத்து வீட்டுக்காரனின் களவு, யாரோ ஒருத்தியின் நடத்தை. முத்திரை குத்தும்போது முகத்தைச் சுளிப்பார். பெயர் போடத் துணிவில்லாதவனுக்கு முத்திரை வாங்க மட்டும் துணிவிருக்கிறது என்பார். அவர் உயிரோடு இருந்து இதைப் பார்த்தால் அதையேதான் சொல்லுவார். சொல்லட்டும். நன்றிப் பலகை அவரிடம் இருக்கிறது.

ஒரு மணி நேரமாகக் கடிதத்தின் அடியில் பேனையை வைத்துக்கொண்டு இருக்கிறேன். நல்லசிவம் என்று போட்டால் அது அவர். இரவீந்திரன் என்று போட்டால் அது நூலகத்தில் பிழையோடு அச்சாகிக் கிடப்பவன். நீங்கள் என் பெயரை விட்டபோது எனக்கு வந்த கோபம் எங்கேயும் போகவில்லை. ஆனால் என் பெயரை நானே விடுவதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று இப்போது தோன்றுகிறது.

பனியில் வழுக்காமல் இருக்கச் சப்பாத்துக்கு மாட்டும் இரும்புப் பல்லைப் புஷ்பமலர் வாசலில் எடுத்து வைத்திருக்கிறாள். சிவப்புத் தபால் பெட்டி சுரங்க ரயில் வாசலில், சரிவுக்குக் கீழே. கையெழுத்து இல்லாமல், இப்படியே கொண்டுபோய்ப் போடுகிறேன்.